லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? - ஒரு ஹைப்ரிட் காரின் மைலேஜ் கதை

1995-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஜப்பானில் டொயோட்டா பொறியாளர்கள் தாங்கள் உருவாக்கிய புதிய காரின் முதல் மாதிரியை ஓட்டிப் பார்க்கத் தயாரானார்கள். பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டப்போகும் கார். ஸ்டார்ட் செய்தார்கள். அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. இப்படியே 49 நாட்கள் போயின! டிசம்பர் கடைசியில் ஒருவழியாக நகர்ந்தது. சில நூறு மீட்டர் போய் மறுபடியும் நின்றுவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இலையுதிர் காலத்தில் நடந்த டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் இதே பெயரில் ஒரு காரை டொயோட்டா ஏற்கனவே மேடையேற்றியிருந்தது. பெயர் ப்ரியஸ். லத்தீனில் 'முன்னதாக' என்று பொருள். பெயர்தான் முன்னதாக வந்தது, கார் வரவில்லை.

இன்றைக்கு ஹைப்ரிட் கார் என்றால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது எப்படி மைலேஜ் கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் "பாதி பெட்ரோல், பாதி கரண்ட், அதனால்தான்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. பிளக்கில் செருகி சார்ஜ் ஏற்றும் வகையை விட்டுவிடுவோம். சாதாரண ஹைப்ரிட் காருக்கு வெளியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட வருவதில்லை. அதன் பேட்டரியில் இருக்கும் அத்தனையும் பங்க்கில் போட்ட பெட்ரோலிலிருந்து வந்ததுதான். அப்படியென்றால் கூடுதல் மைலேஜ் எங்கிருந்து வருகிறது? வழக்கமான கார் வீணாக்குவதை இது வீணாக்காமல் பிடித்து வைத்துக்கொள்வதிலிருந்து வருகிறது. ப்ரியஸின் வரலாறே இந்த 'வீணாவதை' ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்த வரலாறுதான். அதில் பாதியைப் பொறியாளர்கள் பிடித்தார்கள். மீதியைப் பிடித்தவர்கள் காரை வாங்கி ஓட்டியவர்கள்.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம்.

1993-இல் டொயோட்டாவின் மூத்த தலைவர் எய்ஜி டொயோடாவுக்கு ஒரு கவலை வந்தது. 21-ஆம் நூற்றாண்டிலும் இதே மாதிரி கார்களைச் செய்துகொண்டிருந்தால் நிறுவனம் நிலைக்குமா? அப்போது பெட்ரோல் விலை ஒன்றும் எகிறியிருக்கவில்லை. கம்பெனி நன்றாகத்தான் சம்பாதித்துக்கொண்டிருந்தது. சம்பாதிக்கிற காலத்தில் இப்படி யோசிப்பவர்கள் குறைவு. ஜி21 என்ற பெயரில் ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. இலக்கு: அன்றைய கொரோலாவைவிட மைலேஜ் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும்.

குழுவுக்குத் தலைமைப் பொறியாளராக வந்தவர் தகேஷி உச்சியாமாடா. காரின் சத்தத்தையும் அதிர்வையும் குறைப்பதுதான் அவருடைய துறை. அதுவரை ஒரு காரை முழுதாக உருவாக்கிய அனுபவமே கிடையாது. ஒருவேளை அதனால்தான் அவரைப் போட்டார்களோ என்னவோ, பழக்கப்பட்டவர் என்றால் பழைய பாதையில்தானே போவார். அவரும் முதலில் ஹைப்ரிட் பக்கம் போகவில்லை. நல்ல என்ஜின், நல்ல கியர்பாக்ஸ், ஒன்றரை மடங்கு மைலேஜ் என்று ஒழுங்கான திட்டம் ஒன்றைக் கொண்டுபோனார். துணைத்தலைவர்களில் ஒருவரான அகிஹிரோ வாடா அதை ஏற்கவில்லை. ஒன்றரை போதாது, இரண்டு மடங்கு வேண்டும் என்றார்.

இந்த ஒரு மறுப்புதான் கதையின் திருப்பம். ஒன்றரை மடங்கு என்றால் இருக்கிற என்ஜினைச் சீவிச் சீவிச் சரிசெய்து எட்டிவிடலாம். இரண்டு மடங்கு என்றால் சீவிப் பயனில்லை, வேறு வழியே வேண்டும்.

வேறு வழி என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. பெட்ரோலையும் மோட்டாரையும் இணைக்கும் யோசனை நூறு வருடப் பழசு. 1900 வாக்கிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே அப்படி ஒரு வண்டியைச் செய்துவிட்டார். அமெரிக்காவில் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் பொறியாளர்கள், என்ஜினையும் இரண்டு மின் இயந்திரங்களையும் பல்சக்கரத்தால் பிணைக்கும் அமைப்புக்கு 1971-இல் காப்புரிமை பெற்றார்கள். விக்டர் வூக் என்ற விஞ்ஞானி 1972 மாடல் ப்யூக் ஸ்கைலார்க் காரை ஹைப்ரிடாக மாற்றிக் காட்டினார். (எழுத்தாளர் ஹெர்மன் வூக்கின் தம்பி இவர்.) அரசின் சோதனைச்சாலையில் ஓட்டியும் காட்டினார். அரசு ஆதரவு கிடைக்கவில்லை, திட்டம் அத்தோடு நின்றது. யோசனைக்குப் பஞ்சமில்லை. நொடிக்கு நொடி மோட்டாரையும் என்ஜினையும் மேய்க்கக்கூடிய மலிவான கணினியும், தாங்கக்கூடிய பேட்டரியும்தான் இல்லாமல் இருந்தன.

டொயோட்டா குழு சுமார் 80 வகை ஹைப்ரிட் அமைப்புகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதன் நடுவில் இருப்பது ஒரு ப்ளானட்டரி கியர். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி வரும் குட்டிச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் என்ஜின். நடுச் சக்கரத்தில் ஒரு ஜெனரேட்டர். வெளி வளையத்தில் பெரிய மோட்டாரும், அதன் வழியாகக் காரின் சக்கரங்களும். அவ்வளவுதான். கிளட்ச் இல்லை, மாற்றுகிற கியர் இல்லை. ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதன் மூலம், கார் என்ன வேகத்தில் போனாலும் என்ஜினை அதற்குப் பிடித்த வேகத்தில் சுழல வைக்கலாம். வேண்டாதபோது அணைத்தே விடலாம்.

என்ஜினுக்கும் ஒரு 'பிடித்த' நிலை உண்டு என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். நகரத்துக்குள் மெதுவாக ஊர்ந்து போகும்போது பெட்ரோல் என்ஜின் மிக மோசமாக வேலை செய்யும். ஓரளவு பாரம் ஏற்றினால்தான் எரிக்கிற பெட்ரோலுக்கு நியாயம் செய்யும். பெரிய கடை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு பேருக்கு மட்டும் வியாபாரம் செய்தால் எப்படியோ அப்படி. வாடகை, கரண்ட் பில், சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஹைப்ரிட் செய்வது, வாடிக்கையாளர் இல்லாதபோது கடையை மூடிவிடுவது. வரும்போது திறந்து முழு வேகத்தில் வியாபாரம்.

என்ஜினிலும் ஒரு மாற்றம் செய்தார்கள். 1882-இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த சுழற்சி முறையின் தத்துவத்தை எடுத்துக்கொண்டார்கள். உறிஞ்சும் வால்வைத் தாமதமாக மூடினால், உள்ளே அமுக்கப்படும் கலவை குறையும், ஆனால் எரிந்த வாயு முழு தூரமும் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். வெப்பம் கூடுதலாக வேலையாக மாறும். சக்தி குறைவு, சிக்கனம் அதிகம். தனியாக இருந்தால் சோம்பேறி என்ஜின். மோட்டார் துணைக்கு இருப்பதால் அந்தச் சோம்பல் வெளியே தெரியாது. 1.5 லிட்டர் என்ஜினில் வெறும் 58 குதிரைசக்தி.

1995 ஆகஸ்டில் நிறுவனத் தலைவரான ஹிரோஷி ஒகுடா காரை 1997 முடிவதற்குள் விற்பனைக்குக் கொண்டுவரச் சொன்னார். 49 நாள் அசையாமல் நின்ற வண்டிக்கு மீதி இருந்தது இரண்டே வருடம்! பேட்டரிதான் பெரிய தலைவலி. சூடானாலும் படுத்துவிடும், குளிர்ந்தாலும் படுத்துவிடும். மேலதிகாரிகள் ஓட்டிப் பார்க்க வந்தபோது பக்கத்து இருக்கையில் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்து, பேட்டரி தீப்பிடித்துவிடாமல் இருக்க அதன் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். பேட்டரி செய்வதற்கென்றே 1996 டிசம்பரில் மட்சுஷிடாவோடு (பானசோனிக்) சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கினார்கள்.

1997 டிசம்பரில் ப்ரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 21.5 லட்சம் யென். உலக நாடுகள் கியோட்டோவில் கூடிக் கரியமில வாயுவைக் குறைக்கப் பேசிக்கொண்டிருந்த அதே மாதம். அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 28 கிலோமீட்டர். வாடா கேட்ட இரண்டு மடங்கு கிடைத்துவிட்டது.

காகிதத்தில் கிடைத்துவிட்டது என்று சொல்வதுதான் சரி. 28 என்பது ஜப்பானின் '10-15' என்ற சோதனை முறையில் வந்த எண். அதில் உச்ச வேகமே மணிக்கு 70 கி.மீ.தான். மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வண்டி சும்மா நிற்கும். நிற்கும்போது என்ஜினை அணைத்துவிடும் காருக்கு இதைவிட வசதியான தேர்வு உண்டா? நிஜச் சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கும், கோடையில் ஏசி போடுகிறவர்களுக்கும் அந்த எண் எட்டாக்கனிதான்.

அமெரிக்காவில் இந்த முரண் இன்னும் பெரிதாக வெடித்தது. 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை ப்ரியஸ்தான் அங்கே கூட்டம் கூட்டமாக வாங்கப்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒட்டிய ஸ்டிக்கரில் நகரத்துக்குள் கேலனுக்கு 60 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 25.5 கி.மீ. வாங்கியவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு வரவில்லை. "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற குரல்கள் எழுந்தன. கார் பொய் சொல்லவில்லை, தேர்வுதான் பழசு. பல பத்தாண்டுகளுக்கு முன் வகுத்த அந்தச் சோதனையில் ஏசி கிடையாது, கடுங்குளிர் கிடையாது, படாரென்று வேகமெடுப்பதும் கிடையாது. 2008 மாடல்களிலிருந்து இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிடும் புது முறை வந்தது. அதே கார், அதே என்ஜின், நகர மைலேஜ் மட்டும் 60-இலிருந்து 48-க்கு இறங்கியது. மற்ற கார்களின் எண்களும் இறங்கின, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. வீணாவதைப் பிடிப்பதில்தான் ஹைப்ரிடின் லாபம் இருக்கிறது. அந்தப் பழைய தேர்வு முழுக்க அது பிடிக்கக்கூடிய வீண்களாகவே இருந்தது.

ஆனால் குறை சொன்ன அதே வாடிக்கையாளர்கள் மத்தியில் இன்னொரு கூட்டமும் உருவாகிக்கொண்டிருந்தது. இந்தக் கூட்டம் ஸ்டிக்கர் எண்ணைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது!

அதற்குக் காரணம் டாஷ்போர்டில் இருந்த ஒரு திரை. என்ஜின், மோட்டார், பேட்டரி, சக்கரம் ஆகியவற்றுக்கு இடையே சக்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். இன்னொரு பக்கத்தில் ஐந்து ஐந்து நிமிடத்துக்கு மைலேஜைக் கட்டம் கட்டிக் காட்டும். அதற்கு முன் பெரும்பாலான சாதாரணக் கார்க்காரர்களுக்கு இந்த விவரம் உடனுக்குடன் கிடைத்ததில்லை. டேங்க் நிரப்பும்போது ஒரு தடவை கணக்குப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இப்போது காலை அழுத்தினால் கட்டம் குட்டையாவது கண்ணெதிரே தெரிந்தது. மாதாமாதம் வந்த கணக்குப் புத்தகம் நிமிடத்துக்கு நிமிடம் வர ஆரம்பித்தால் செலவு குறையாமல் என்ன செய்யும்?

அவர்கள் கண்டுபிடித்தவற்றில் முதலாவது, முதல் ஐந்து நிமிடம்தான் எமன் என்பது. குளிர்ந்த என்ஜின் சூடாகும்வரை, தேவை இருக்கிறதோ இல்லையோ, ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்துத் தெருவுக்குப் போய் வருபவர்களுக்கு மைலேஜ் வராததன் ரகசியம் இதுதான். குளிர்காலத்தில் இன்னும் மோசம். காருக்குள் வரும் சூடு என்ஜினின் சூட்டிலிருந்து எடுப்பது. ஹீட்டர் போட்டால் சிக்னலில் நிற்கும்போதுகூட என்ஜின் அணையாது. ஆகவே சின்னச் சின்ன வேலைகளை ஒரே பயணமாகச் சேர்த்தார்கள், முன்பக்கக் காற்றுத் துவாரங்களில் கொஞ்சத்தை அடைத்து என்ஜின் சூட்டைக் காத்தார்கள். டொயோட்டாவுக்கும் இது தெரியாமல் இல்லை. அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறைக் காரில் ஒரு ஃப்ளாஸ்க்கே வைத்திருந்தார்கள்! சுமார் மூன்று லிட்டர் சூடான கூலண்ட் தண்ணீரை மூன்று நாள்வரை சூடு ஆறாமல் வைத்திருந்து, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது என்ஜினுக்கு அனுப்பும். புகையைக் குறைப்பதுதான் அதன் முக்கிய நோக்கம். 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் அதை எடுத்துவிட்டு, சைலன்சர் வழியாக வீணாகப் போகும் வெப்பத்தைக் கொண்டே என்ஜினைச் சீக்கிரம் சூடாக்கினார்கள்.

இரண்டாவது கண்டுபிடிப்புதான் சுவாரஸ்யமானது. ஹைப்ரிட் காரில் நல்ல மைலேஜ் வேண்டுமென்றால் முடிந்தவரை மோட்டாரில் ஓட்ட வேண்டும் என்றுதான் புதிதாக வாங்கிய எல்லோரும் நினைப்பார்கள். நேர்மாறாக, பேட்டரியை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று இவர்கள் கண்டார்கள். பெட்ரோலை எரித்து, சுழற்சியாக்கி, மின்சாரமாக்கி, பேட்டரியில் ஏற்றி, மறுபடி இறக்கி, மோட்டாரைச் சுற்றினால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் கமிஷன் போகிறது. பிரேக் பிடித்து மின்சாரம் எடுப்பதும் அப்படித்தான். சூடாகி வீணாவதற்கு அது எவ்வளவோ மேல், ஆனால் கொடுத்த அத்தனையும் திரும்பி வராது. தூரத்திலேயே சிவப்பு விளக்கைப் பார்த்து, பிரேக்கே தேவைப்படாமல் உருண்டு போய்ச் சேருவது அதைவிட லாபம்.

இதிலிருந்து பிறந்ததுதான் 'தள்ளி விட்டு வழுக்குவது' என்ற முறை. என்ஜினை அதற்குப் பிடித்த பாரத்தில் வேலை வாங்கி மணிக்கு அறுபத்துச் சொச்சம் கி.மீ. வரை வேகமெடுப்பார்கள். பிறகு காலை எடுத்து, என்ஜின் அணைந்ததும், மறுபடி ஆக்ஸிலேட்டரை இறகு போலத் தொடுவார்கள். திரையில் ஒரு அம்புக்குறிகூட இருக்கக் கூடாது. மோட்டாரும் இழுக்கவில்லை, பேட்டரியும் ஏறவில்லை, கார் சும்மா உருண்டுகொண்டிருக்கிறது. வேகம் இறங்கியதும் மறுபடி முதலிலிருந்து. அந்த அறுபத்துச் சொச்சத்துக்கும் காரணம் உண்டு. இரண்டாம் தலைமுறைக் காரில் மணிக்கு 42 மைலுக்கு மேல் (சுமார் 67 கி.மீ.) என்ஜின் முழுதாக நிற்க முடியாது. நின்றால் ப்ளானட்டரி கியரின் நடுவில் இருக்கும் ஜெனரேட்டர் அளவுக்கு மீறிச் சுழலும்.

இந்தக் கலைக்கு 'ஹைப்பர்மைலிங்' என்று 2004-இல் பெயர் சூட்டியவர் வேய்ன் கெர்டெஸ் என்ற அமெரிக்கர். 2005 ஆகஸ்டில் அவர் உட்பட ஐந்து பேர் பிட்ஸ்பர்க் அருகே ஒரு 2004 மாடல் ப்ரியஸை இரவு பகலாக மாறி மாறி ஓட்டி, ஒரே டேங்க் பெட்ரோலில் 1,397 மைல் போனார்கள். ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 46-க்கு மேல்! ஸ்டிக்கர் எண்ணின் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2008-இல் பெட்ரோல் விலை உச்சத்துக்குப் போனபோது அந்த வார்த்தை அமெரிக்க ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 'ஆண்டின் சொல்' ஆனது. கூடவே லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போவது, சிவப்பு விளக்கை மதிக்காமல் உருண்டு போவது என்று கிறுக்குத்தனங்களும் பரவின. உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்கும் அரை லிட்டர் என்ன கணக்கு என்று புரியவில்லை.

புது வண்டி வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே மனம் உடைந்து போவதும் வழக்கம். அதற்கு ஒரு எளிய பதில் இருக்கிறது. புதிய கார் ஏறத்தாழ 5,000 முதல் 8,000 கி.மீ. ஓடிய பிறகுதான் அதன் முழு மைலேஜைக் கொடுக்கும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் குறிப்பே சொல்கிறது. ஹைப்ரிட் விஷயத்தில் அந்த நாட்களில் ஓட்டுபவரின் காலும் சேர்ந்து பழகுகிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. 2008-இல் 'சயின்ஸ்' இதழில் லாரிக், சோல் என்ற இரண்டு பேராசிரியர்கள் மைலேஜ் எண் நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்று எழுதினார்கள். வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டும் ஒருவரை வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கொடுக்கும் காருக்கு 714 லிட்டர் வேண்டும். 28 கொடுத்தால் 357 லிட்டர். மிச்சம் 357. அதை இரண்டாம் தலைமுறை ப்ரியஸுக்கு ஜப்பானில் அறிவித்த 35.5-க்கு உயர்த்தினால்? 282 லிட்டர். கூடுதல் மிச்சம் வெறும் 75 லிட்டர்தான். வாடா கேட்ட அந்த முதல் இரட்டிப்பில்தான் பணம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பொறியாளர்கள் கூடுதலாக வியர்வை சிந்தியும் பர்சில் தெரிந்தது குறைவு. நிஜமாகவே காசு மிச்சம் பிடிக்க நினைக்கும் நாடு, 28-ஐ 35 ஆக்குவதைவிட 8 கொடுக்கும் வண்டிகளை 12 கொடுக்க வைத்தால் நல்லது. ஆனால் அதைச் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

அந்த வியர்வையும் வீணாகவில்லை. புது முறையில் மறுபடி கணக்கிட்டால், 2000-இல் அமெரிக்கா வந்த முதல் ப்ரியஸ் 100 கி.மீ.க்குச் சுமார் 5.7 லிட்டர் குடித்தது. இரண்டாம் தலைமுறை 5.1. மூன்றாவது 4.7. என்ஜினின் வெப்பத்திறன் 40 சதவீதத்தைத் தொட்ட நான்காவது (2015) 4.5. வாகன உலகில் பெரிய பெயரான உச்சியாமாடா இதற்கிடையே 2013-இல் டொயோட்டாவின் சேர்மன் ஆகிவிட்டார்.

ஐந்தாம் தலைமுறை 2022 நவம்பரில் அறிமுகமானது. பெரிய 2.0 லிட்டர் என்ஜின், பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் போல. அமெரிக்காவில் அதன் ஆரம்ப மாடல் கேலனுக்கு 57 மைல், அதாவது 100 கி.மீ.க்கு 4.1 லிட்டர். அதே காரின் விலை உயர்ந்த மாடல்களோ 52 மைல்தான் கொடுக்கின்றன. என்ஜினும் மோட்டாரும் ஒன்றேதான். முக்கிய வித்தியாசம் 17 அங்குலச் சக்கரத்துக்குப் பதில், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று போட்ட 19 அங்குலச் சக்கரம்.